வளரும் பையன் கேட்காமல் விடும் கேள்விகள்

பெற்றோரே, 13, 14 வயதில் உங்கள் வீட்டில் ஒரு மகன் இருக்கிறானா? ஒருநாள் விடியற்காலை, வீட்டில் ஒருவரும் எழும்பமுன்னர், அவன் கிணற்றடிக்குப் போய்த் தன் சாரத்தைத் தானே அலசிக் காயப்போட்டிருப்பதைக் கண்டிருக்கிறீர்களா? தாய் அதைக் காண்கிறாள். "என்ன மனே, இண்டைக்கு மழைதான் வரப்போகுது" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். தந்தையும் காண்கிறார். ஒன்றும் பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார். மகன் தலையைக் குனிந்துகொண்டு பாடசாலைக்குப் போகிறான். அந்த வீட்டில் மூன்று பேருக்கும் விஷயம் தெரியும். மூன்று பேரும் அதைப் பேசவில்லை.

பெண்பிள்ளை பெரியவளானால் நம் பகுதியில் ஊருக்கே தெரியும். மாமிமார் வருகிறார்கள், தண்ணீர் வார்க்கிறார்கள், உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கிறார்கள், சடங்கு வைக்கிறார்கள். அந்தச் சடங்கைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால், "உன் உடம்பில் நடந்தது இயற்கையானது, பயப்படாதே" என்று சொல்ல அந்தப் பிள்ளையைச் சுற்றி நாலு பெண்கள் நிற்கிறார்கள். ஆண்பிள்ளை பெரியவனாவதற்கு அப்படி ஒரு நாளும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. கடற்கரையில் பந்தடிக்கும்போது மூத்த பையன்கள் சொன்னதும், இரவில் கைத்தொலைபேசியில் தனியாகத் தேடிப் பார்த்ததுமே அவனுக்குக் கிடைக்கும் பாடங்கள்.

கார்மேல் பற்றிமாவில் படித்தாலும், ஸாஹிராவில் படித்தாலும், வெஸ்லியில் படித்தாலும், தந்தையை அப்பா என்று அழைத்தாலும் வாப்பா என்று அழைத்தாலும், கல்முனைக் கரையில் வளரும் பையன்களுக்கு இந்த மௌனம் பொதுவானது.

இந்தப் பாடத்தில் நாம் மனதில் வைக்கவேண்டியது ஒன்றே. இந்த வயதில் பையனின் உடம்பில் தோன்றும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. தீங்கு செய்வது, வாயைத் திறக்கவிடாத வெட்கம். சில சந்தர்ப்பங்களில் அந்த வெட்கத்துக்கு மிகப் பெரிய விலை கொடுக்க நேரிடும்.

உடம்பில் என்ன நடக்கிறது?

கட்டிளமைப் பருவம் ஆண்பிள்ளைகளில் சாதாரணமாக 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. மூளையின் அடியில் கடலை அளவில் இருக்கும் கபச்சுரப்பி கட்டளை அனுப்ப, விதைகள் பருமனாகி, ஆண்மைக்குரிய ஓமோனைச் சுரக்கின்றன. வெளியே மீசை அரும்புவதற்கு வெகு முன்னரே உள்ளே வேலை தொடங்கிவிடுகிறது.

தொடங்கும் வயதில் ஐந்து வருட வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு பையன்களில் ஒருவன் மீசையோடு ஆறடிக்கு வளர்ந்திருப்பான். மற்றவன் சின்னப்பிள்ளை போல இருப்பான். இருவரும் சுகதேகிகளே. வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும் வருடத்தில் ஒரு பையன் 9, 10 சென்ரிமீற்றர் கூட உயரலாம். கை கால்கள் முதலில் நீள்வதால் சில காலம் நடையும் ஓட்டமும் தடுமாறும், கோப்பைகள் கை தவறி உடையும். அதற்காக அவனை ஏசவேண்டாம். 14 வயது முடிந்தும் எந்த மாற்றமும் தொடங்கவில்லை என்றால், அல்லது 9 வயதுக்கு முன்னரே தொடங்கிவிட்டால், வைத்தியரிடம் காட்டவேண்டும்.

"கட்டையன்" என்றும் "ஒல்லியன்" என்றும் வீட்டிலேயே பட்டம் வைத்து அழைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கல்யாண வீட்டில் மாமன்மார் எல்லோருக்கும் முன்னால் அவனை மச்சானோடு பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு அது ஒரு நிமிட விளையாட்டு. அவன் அதை வருடக்கணக்கில் சுமப்பான்.

முகம், மார்பு, குரல்

தோலின் கீழுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் இந்த வயதில் அதிகமாக வேலை செய்கின்றன. துவாரம் அடைபட்டு, கிருமியும் சேரும்போது முகப்பரு வருகிறது. அது அழுக்கினால் வருவதன்று, கெட்ட எண்ணத்தினால் வருவதுமன்று. நாளுக்கு இரண்டு தடவை மென்மையான சவர்க்காரத்தால் கழுவினால் போதும். தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதும், நகத்தால் பிதுக்குவதும் வடுவை உண்டாக்கும். பெயர் விபரம் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களை வாங்கிப் பூச விடாதீர்கள். அப்படியான கிறீம்களில் இரசமும் ஸ்ரீரொயிட் மருந்தும் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பரு ஆழமாக, வலியோடு வந்தால் நல்ல மருந்துகள் உண்டு. வைத்தியசாலையின் தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவில் கேட்கலாம்.

இன்னொரு விஷயத்தைப் பையன்கள் தாயிடம்கூடச் சொல்வதில்லை. மார்புக் காம்பின் கீழே சிறு கட்டி போலத் தோன்றி, தொட்டால் நோகும். ஓமோன்கள் சமநிலைக்கு வருமுன் ஏறத்தாழ அரைவாசிப் பையன்களுக்கு இது ஏற்படுகிறது. பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானாக மறைந்துவிடும். ஆனால் அந்தப் பையனுக்கு அது தெரியாது. தான் பெண்ணாக மாறுகிறேனோ என்று பயந்து, சேட்டைக் கழற்றிக் கடலில் குளிப்பதை நிறுத்திவிடுகிறான். விளையாட்டையும் விட்டுவிடுகிறான். ஒரு நிமிட விளக்கம் அவனைத் திரும்பவும் கடலுக்கு அனுப்பிவிடும்.

குரல்வளை பெரிதாகிக் குரல் நாண்கள் நீள்வதால் குரல் உடைகிறது. நேற்றுவரை பாடகர் குழாமில் உயர்ந்த சுருதியில் பாடியவன் இன்று பாதியில் கரகரத்து நின்றால், சிரிக்காமல் சில மாதங்களுக்குத் தாழ்ந்த சுருதியில் பாட விடுங்கள்.

ஒரு பழைய பயம்

இனி அந்தக் கிணற்றடிச் சாரத்துக்கு வருவோம். நித்திரையில் விந்து தானாக வெளிப்படுவதை முன்னோர் சொப்பன ஸ்கலிதம் என்றார்கள். விந்து உற்பத்தி தொடங்கிய பின்னர் நேரும் சாதாரண நிகழ்ச்சி இது. சிலருக்கு அடிக்கடி வரும், சிலருக்கு வராமலும் இருக்கும். இரண்டும் நோயல்ல.

ஆனால் நம் நாடுகளில் இதைச் சுற்றிப் பெரிய பயம் ஒன்று வளர்ந்திருக்கிறது. 40 துளி இரத்தம் சேர்ந்தே ஒரு துளி விந்து உண்டாகிறது என்று பலர் நம்புகிறார்கள். உடம்பை ஏழு தாதுக்களாக வகுத்து, சுக்கிலத்தை அவற்றின் முடிவில் வைத்த பழைய வைத்திய முறையிலிருந்து இந்த எண்ணம் வந்தது. உண்மை என்ன? ஒரு தடவை வெளிப்படுவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாது. அதில் பெரும்பகுதி நீர். மிகுதி சிறிதளவு புரதமும் ஒருவகைச் சீனியும் உப்புக்களும். அது இரத்தத்தை வடித்து எடுக்கப்படுவதில்லை. வெளிப்படுவதால் இரத்தம் குறைவதுமில்லை. விதைகள் நாள்தோறும் கோடிக்கணக்கான விந்தணுக்களைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன.

இந்தப் பயமே ஒரு நோயாக மாறுவதை மருத்துவர்கள் கண்டார்கள். "எனக்குச் சத்தெல்லாம் போய்விட்டது, இடுப்பு நோகிறது, படிப்பு மனதில் நிற்கவில்லை" என்று இளைஞர்கள் வந்து சொன்னார்கள். உடம்பைச் சோதித்தால் குறையொன்றும் இல்லை. தாது என்ற சொல்லை வைத்தே இந்தியாவின் உளமருத்துவர் என். என். விக் 1960இல் இதற்கு "தாத்" நோய்க்குறி என்று பெயரிட்டார். களைப்பை உண்டாக்கியது இழப்பு அல்ல, பயமும் குற்ற உணர்வும் மனச்சோர்வுமே. இது நமக்கு மட்டும் உரிய பயமுமல்ல. 1760இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகர வைத்தியர் சாமுவேல் திசோ, விந்து இழப்பால் கண் மங்கும், புத்தி கெடும் என்று பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் எழுதினார். ஐரோப்பா நூறு வருடத்துக்கு மேலாக அதை நம்பியது. மேல்நாட்டிலும் இதே பயம் இருந்து மறைந்ததை, இலங்கை உளமருத்துவர் அதுல சுமதிபாலவும் அவரது சகாக்களும் 2004இல் எடுத்துக்காட்டினார்கள்.

இன்றும் இந்தப் பயத்தை விற்றுப் பிழைப்பவர்கள் உண்டு. பத்திரிகையின் மூலையில் சிறு விளம்பரமாக, சுவரில் ஒட்டிய துண்டாக, இப்போது கைத்தொலைபேசித் திரையில் காணொளியாக அவர்கள் வருகிறார்கள். "இளமையில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சியா?" என்ற ஒரு கேள்வியே போதும். பையன் தாயின் உண்டியலிலிருந்து பணம் எடுத்து லேகியம் வாங்குகிறான். மருந்து எடுத்தும் பயம் போவதில்லை. வெயிலில் விளையாடி, தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் சிறுநீர் கலங்கலாகப் போனாலும் "தாது போகிறது" என்று நடுங்குகிறான். சிறுநீரில் உப்புக்கள் மிகுந்தால் அது கலங்கித் தோன்றும். தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். எரிவு, காய்ச்சல், இரத்தம், சீழ் இருந்தால் மாத்திரம் தாமதியாமல் வைத்தியரைக் காணவேண்டும். உறுப்பின் அளவைப் பற்றிய கவலையும் இப்படியானதே. ஆளுக்கு ஆள் அது வேறுபடும், எந்த எண்ணெயாலும் குளிசையாலும் மாறாது.

விசுவாசமுள்ள குடும்பத்தில் இன்னொரு சந்தேகமும் எழும்: இது பாவமா? 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவைனாஸ் இதற்கு விடை எழுதினார். நித்திரையில் மனிதனின் புத்தி சுயாதீனமாக இயங்குவதில்லை, ஆகவே அப்போது தானாக நேர்வது அதனளவில் பாவமல்ல என்றார். எனவே அந்தச் சாரத்துக்காக எந்தப் பையனும் நற்கருணைக்குப் போகாமல் பின்வாங்கில் ஒதுங்கி நிற்கவேண்டியதில்லை.

சுய இன்பப் பழக்கத்தைப் பற்றித் திருச்சபையின் ஒழுக்கப் போதனை தெளிவானது. அதே வேளையில், 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஒருவரின் குற்றப் பொறுப்பை அளக்கும்போது முதிர்ச்சியின்மை, பழக்கத்தின் வலிமை, மனக்கலக்கம் ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும் என்றும் சொல்கிறது. அதை மகன் தன் ஆன்ம குருவோடு பேசட்டும். பெற்றோராகிய நாம் செய்யக்கூடாதது ஒன்றுண்டு. கண் குருடாகும், பிள்ளை பிறக்காது, பைத்தியம் பிடிக்கும் என்று பொய்யான வைத்தியம் சொல்லிப் பயமுறுத்தக்கூடாது. அப்படி ஒன்றும் நடப்பதில்லை என்று அவன் ஒருநாள் கண்டுபிடிப்பான். அன்றிலிருந்து நாம் சொல்லும் உண்மைகளையும் நம்பமாட்டான்.

காலை வரை காத்திருக்கக்கூடாத வலி

இதுவரை சொன்னவை பயப்படத் தேவையில்லாதவை. இனிச் சொல்வது பயந்து ஓடவேண்டியது. இந்தப் பாடத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

இரவு 2 மணி. நன்றாகப் படுத்த பையன் திடீரென்று வலியால் எழும்புகிறான். ஒரு பக்க விதையில் தாங்கமுடியாத வலி. வயிற்றைப் பிரட்டுகிறது, சத்தி எடுக்கிறான். தாய் எழும்பி "எங்க மனே நோகுது?" என்று கேட்கிறாள். அவன் வெட்கத்தால் "வயிற்று வலி" என்கிறான். இஞ்சித் தண்ணீர், பனடோல், வயிற்றில் எண்ணெய். விடிந்ததும் பார்க்கலாம் என்று படுக்கிறார்கள். காலையில் வலி சற்றுக் குறைந்தது போல இருக்கிறது. பாடசாலைக்கும் போகிறான். பின்னேரம் வீங்குகிறது. அதன் பின்னர்தான் உண்மையைச் சொல்கிறான்.

நடந்தது என்ன? விதை ஒரு நாணில் தொங்குகிறது. அந்த நாணுக்குள்ளேதான் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சில பையன்களில் விதை சரியாகப் பொருத்தப்படாமல் இருப்பதால், அது தானாகவே சுழன்று நாணை முறுக்கிக்கொள்ளும். இரத்தம் போவது நின்றுவிடும். எந்த வயதிலும் வரலாம், ஆனால் 12 முதல் 18 வயது வரையே அதிகம். அடிபட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை. நித்திரையிலும் வரும். சத்திரசிகிச்சை ஒன்றே மருந்து. முறுக்கை அவிழ்த்து, மறுபடி முறுகாதபடி இரண்டு பக்கத்தையும் தைத்துவிடுவார்கள். வலி தொடங்கி 6 மணித்தியாலத்துக்குள் செய்தால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். நேரம் போகப் போக வாய்ப்புக் குறையும். ஒரு நாள் கடந்தால் காப்பாற்றுவது அரிது. மேலே சொன்ன பையனின் வலி குறைந்ததற்குக் காரணம் சுகமானதல்ல. அந்த உறுப்பு இறந்துகொண்டிருந்தது.

ஆகவே வளர்ந்த மகன் அடிவயிறு நோகிறது என்று சொன்னால், நேராகக் கேளுங்கள்: "விதையிலும் நோகிறதா?" ஆம் என்றால் எண்ணெய் தடவவேண்டாம், ஒத்தடம் கொடுக்கவேண்டாம், நாட்டு வைத்தியர் வீட்டுக்குப் போகவேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்கவேண்டாம். அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி பணமின்றி வரும். வைத்தியரிடம் வலி தொடங்கிய நேரத்தைச் சொல்லுங்கள்.

இதை மகனுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "அந்த இடத்தில் திடீரென்று நொந்தால், எத்தனை மணியானாலும் என்னை எழுப்பு. நான் ஏசமாட்டேன், சிரிக்கமாட்டேன்." ஒரு தந்தை மகனுக்குச் சொல்லிவைக்கவேண்டிய வார்த்தைகளில் இது ஒன்று. ஒரு விதை மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்து தொங்குவது இயல்பு என்பதையும் சொல்லுங்கள். வலியில்லாத கட்டி ஏதும் கையில் தட்டுப்பட்டாலும் மறைக்காமல் காட்டவேண்டும்.

சுத்தம்

நம் பகுதியில் முஸ்லிம் பையன்களும் தமிழ்ப் பையன்களும் ஒன்றாக விளையாடி, ஒன்றாகக் கடலில் குளிக்கிறார்கள். முஸ்லிம் வீடுகளில் சிறுவயதிலேயே கத்னா செய்துவிடுவார்கள். நம் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை. "ஏன் நான் வேறு மாதிரி?" என்று மகன் மனதுக்குள் கேட்கக்கூடும். இரண்டும் ஆரோக்கியமானவையே என்று சொல்லுங்கள். முன்தோல் உள்ளவன் குளிக்கும்போது அதை மெல்லப் பின்னிழுத்துத் தண்ணீரால் கழுவி, மறுபடி முன்னுக்குக் கொண்டுவரவேண்டும். பின்னிழுபடாவிட்டால் பலவந்தப்படுத்தக்கூடாது. பின்னுக்குப் போன தோல் இறுகித் திரும்பாமல் வீங்கினால் அதுவும் அவசர நோய்தான், அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கடற்கரை வெக்கையில் வியர்த்த உள்ளாடையோடும் நனைந்த காற்சட்டையோடும் மணிக்கணக்கில் இருந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை பிடிக்கும். குளித்தபின் நன்றாகத் துடைத்து, உலர்ந்த பருத்தி உள்ளாடை அணியவேண்டும். ஒருவர் துவாயை மற்றவர் பாவிக்கக்கூடாது. மருந்துக்கடையில் "கடிக்கு ஒரு கிறீம்" என்று கேட்டு வாங்கிப் பூசுவது ஆபத்து. ஸ்ரீரொயிட் கலந்த கிறீம் முதலில் கடியைக் குறைத்து, பின்னர் படர்தாமரையை இன்னும் பரப்பிவிடும்.

நித்திரையும் சாப்பாடும்

இந்த வயதுப் பையனுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். நித்திரையை வரவழைக்கும் ஓமோன் இந்தப் பருவத்தில் இரவில் பிந்தியே சுரக்கிறது. ஆகவே இரவு 9 மணிக்கு நித்திரை வரவில்லை என்று அவன் சொல்வது நடிப்பல்ல. ஆனால் அதற்கு மேல் கைத்தொலைபேசியும் சேர்ந்து நடுநிசி கடக்கிறது, விடிந்தால் ரியூசன். நித்திரை குறைந்த பையன் சீறுவான், மறப்பான், பருமனாவான். இரவில் வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும் ஒரே மேசையில் வைக்கப்படட்டும், தந்தையுடையதும் சேர்த்து.

வேகமாக வளரும் உடம்புக்குப் பசி அதிகம். முட்டை, பயறு, கடலை, கீரை, முள்ளோடு தின்னும் நெத்தலி, சூடை மீன் ஆகியவை நம் சந்தையில் கிடைக்கும் நல்ல உணவுகள். தசை வளர்க்கும் மாவுகளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. புகையிலை கலந்த மாவா போன்றவை பாடசாலைப் பையன்களின் சட்டைப்பைக்கும் வந்துவிடுகின்றன. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலையோ மதுவோ விற்பது 2006ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். கண்டால் முதலில் அடிக்கவேண்டாம். யார் கொடுத்தது, எப்போதிருந்து என்று கேளுங்கள்.

கோபமும் மௌனமும்

2004 டிசம்பர் 26ஆம் திகதியை இந்தக் கரையில் யார் மறப்பார்? இலங்கையில் அதிக உயிர்களைச் சுனாமி கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அன்று 12, 15 வயதில் இருந்த பையன்கள் பலர் இன்று தந்தைமார். தாயையும் தங்கையையும் தேடி நடந்த அந்தப் பையன்களுக்கு, "ஆம்பிளைப்பிள்ளை அழக்கூடாது, நீதான் வீட்டைப் பார்க்கவேண்டும்" என்று சொல்லப்பட்டது. அவர்கள் அழவில்லை. அந்த அழாத தந்தையிடம்தான் இன்றைய மகன் தன் துக்கத்தைக் கொண்டுபோகவேண்டியிருக்கிறது. தந்தைக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, மகனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இந்த வயதில் மனம் ஒரு நாளில் நாலு நிறம் காட்டும். கதவைச் சாத்துவதும், சிடுசிடுப்பதும், ஒரு பெண்பிள்ளையின் பேரைக் கேட்டாலே முகம் சிவப்பதும் வளர்ச்சியின் அடையாளங்களே. ஆனால் மனச்சோர்வு நோய் வேறு. பையன்களில் அது பெரும்பாலும் கண்ணீராக வருவதில்லை, கோபமாகவே வரும். 2 வாரத்துக்கு மேலாக விளையாட்டிலும் சிநேகிதரிலும் விருப்பம் விட்டுப்போனால், நித்திரையும் சாப்பாடும் கெட்டால், புள்ளிகள் சடுதியாகக் குறைந்தால், "நான் இருந்தென்ன" என்ற பேச்சு வந்தால், அதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ எண்ணிவிடாதீர்கள்.

"சாகவேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. கேட்க ஒருவர் இருக்கிறாரே என்ற ஆறுதலே உண்டாகும். நம் மாவட்டம் வேளாண்மை மாவட்டம். பூச்சிமருந்துப் போத்தல் வீட்டுத் தாழ்வாரத்தில் இருப்பது சாதாரணம். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் வரை தற்கொலை செய்துகொண்டார்கள். மிகக் கொடிய பூச்சிமருந்துகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பின்னர், 2005 அளவில் அந்தத் தொகை அரைவாசியாகக் குறைந்தது. கை எட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் ஒரு கெட்ட மணித்தியாலம் கடந்து போய்விடுகிறது, பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதே அதன் பாடம். மருந்துப் போத்தலை இன்றே பூட்டி வையுங்கள்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் எந்நேரமும் பேசலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ அமைப்பும் மனம் நொந்தவர்களைச் செவிமடுக்கிறது. ஒருவன் தன்னைத் தொட்டுத் துன்புறுத்தினான் என்று மகன் சொன்னாலும், படத்தை வெளியிடுவேன் என்று தொலைபேசியில் ஒருவன் மிரட்டினாலும், முதலில் அவனை நம்புங்கள். துன்புறுத்தியவர் உறவினராயினும், ஆசிரியராயினும், குருவானவராயினும் மறைக்கக்கூடாது. சிறுவர் பாதுகாப்புக்கான இலக்கம் 1929. மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்கவேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம்.

எப்படிப் பேசத் தொடங்குவது?

முகத்துக்கு முகம் உட்காரவைத்துப் பிரசங்கம் செய்தால் எந்தப் பையனும் வாய் திறக்கமாட்டான். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது, வலையைச் சரிபார்க்கும்போது, வயலுக்குப் போகும் வழியில் பேசுங்கள். முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள். "உன் வயதில் எனக்கும் இப்படி நடந்தது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் பயந்தேன்." தந்தை வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியில் பேசலாம். தந்தை இல்லாத வீட்டில் தாய்மாமனோ மூத்த தமையனோ பேசலாம். தாயும் பேசலாம். மகனிடம் தாய் பேசக்கூடாத விஷயம் இது என்று ஒரு சட்டமும் இல்லை.

பாடசாலை வைத்தியப் பரிசோதனை 7ஆம், 10ஆம் தரங்களில் வரும்போது, கேட்கவேண்டியதைக் கேட்கும்படி மகனுக்கு முன்னரே சொல்லி அனுப்புங்கள். இளையோருக்கென்றே சுகாதார அமைச்சு "யொவுன் பியச" என்ற பெயரில் நடத்தும் நிலையங்கள் பல வைத்தியசாலைகளில் உண்டு. உங்கள் வைத்தியசாலையில் எந்த நாளில் நடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். வைத்தியரின் அறையில் ஐந்து நிமிடம் மகனைத் தனியே பேசவிட்டு நீங்கள் வெளியே இருங்கள்.

வீட்டில் சிந்திக்க

1. என் மகனின் வயதில் நான் யாரிடமும் கேட்காமல் விட்ட கேள்வி என்ன?
2. எங்கள் வீட்டில் மகனின் உடம்பைப் பற்றிச் சொல்லப்படும் பரிகாசம் எது? அதை யார் நிறுத்துவது?
3. இரவு 2 மணிக்கு வலி வந்தால் மகன் என்னை எழுப்புவானா, வெட்கப்பட்டுக் காலை வரை பொறுத்திருப்பானா?
4. பூச்சிமருந்தும் குளிசைகளும் எங்கள் வீட்டில் எங்கே இருக்கின்றன? திறப்பு யாரிடம்?
5. இந்தக் கிழமைக்குள் மகனோடு தனியே அரைமணித்தியாலம் போக எனக்கு எந்த நாள் வசதி?

இந்த ஐந்தில் மூன்றாவது கேள்விக்கு உங்களால் உறுதியாக விடை சொல்ல முடியாவிட்டால், இன்று இரவே மகனிடம் பேசுங்கள்.